படிநிலையும் நிகழ்வும்: தகவல் அறிவியலின் கருத்துரு மாதிரிகள்

ஒரு நிறுவனம் தன்னிடம் உள்ளவற்றை விவரிக்கும்போது எவற்றைத் தனித்தனி உருப்படிகளாகக் கொள்வது, அவற்றின் எந்தப் பண்புகளைக் குறிப்பது, அவற்றை எவ்வாறு உறவுபடுத்துவது என்று வரையறுப்பது கருத்துரு மாதிரி. கணினி அனுமானம் செய்யும் அளவுக்கு அதை முறைப்படுத்தி எழுதினால் ஆன்டாலஜி. ஒரு துறையின் கருத்தாக்கத்தை வெளிப்படையாக வரையறுத்துச் சொல்வதே ஆன்டாலஜி என்று டாம் குரூபர் 1993இல் கூறிய விளக்கமே இன்றும் பெரிதும் வழங்குகிறது. இத்துறையின் தரநிலைகள் பல மரபுகளிலிருந்து வந்தவை. ஒவ்வொரு மரபும் தன் கையிலிருந்த பொருளின் இயல்பை ஒட்டியே மாதிரியை வகுத்தது.

நூலகத்தின் கையில் இருந்தவை அச்சுப் படிகள். ஒரே நூல் ஆயிரம் படிகளாக, பல பதிப்புகளாக, பல மொழிகளில் வந்து சேரும். ஒரு நூலாசிரியரின் எந்தெந்த நூல்கள் நூலகத்தில் உள்ளன, அவற்றுள் எந்தப் பதிப்பு வாசகருக்கு ஏற்றது என்று பட்டியல் காட்ட வேண்டும் என சார்லஸ் கட்டர் 1876இலேயே வகுத்தார். 1976இல் பீட்டர் சென் தரவுத்தளங்களுக்காக உருப்படி–உறவு மாதிரியை முன்வைத்தார். இந்த இரண்டும் சேர்ந்ததன் விளைவே, நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்லா 1998இல் வெளியிட்ட எஃப்ஆர்பிஆர் அறிக்கை.

அதன் மையத்தில் நான்கு படிநிலைகள் உள்ளன: படைப்பு, வெளிப்பாடு, வெளியீடு, படி. திருக்குறள் ஒரு படைப்பு. அதன் தமிழ் மூலம் ஒரு வெளிப்பாடு, ஜி. யு. போப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு இன்னொரு வெளிப்பாடு. அந்த மொழிபெயர்ப்பு 1886இல் அச்சானது ஒரு வெளியீடு. அவ்வெளியீட்டைச் சேர்ந்து, ஒரு நூலகத்தின் அலமாரியில் முத்திரையோடு நிற்பது படி. பழைய அட்டைப் பட்டியல் இந்த நான்கையும் ஒரே அட்டையில் கலந்து எழுதியது. அவற்றைப் பிரித்ததே எஃப்ஆர்பிஆரின் பெரிய சாதனை.

ஆயினும் பிரிவு எப்போதும் எளிதாக அமைவதில்லை. பரிமேலழகர் உரையோடு கூடிய குறள் பதிப்பில் மூலமும் உரையும் ஒரே அட்டைக்குள் உள்ளன. உரை தனக்கென ஆசிரியரும் வாதமும் உடையது. எனவே அது தனிப் படைப்பு. அப்படியானால் அந்தப் பதிப்பு எந்தப் படைப்பின் வெளியீடு? உரை மரபு வலுவாக உள்ள மொழிகளில் இது விதிவிலக்கன்று, அன்றாட நிலை. தொகுப்பு நூல் குறித்த இந்தச் சிக்கலுக்கு முதல் அறிக்கை தெளிவான விடை தரவில்லை. அதற்கு மாற்றாக 2017இல் இஃப்லா கொண்டுவந்த எல்ஆர்எம் மாதிரி, ஒரே வெளியீடு பல வெளிப்பாடுகளைத் தாங்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. விவாதத்தின் மிகப் பயனுள்ள முடிவு இதுவே எனலாம்.

பெயருக்கான விவரிப்பும் பொருளுக்கான விவரிப்பும் முன்பு தனித்தனி அறிக்கைகளாக இருந்தன. அவற்றையும் இணைத்து உருப்படிகளைப் பதினொன்றாகச் சுருக்கியது எல்ஆர்எம். பெயரையும் அது ஓர் உருப்படியாக்கியது. உண்மையில் வாழ்ந்த அல்லது வாழும் மனிதரை மட்டுமே ஆள் எனக் கொண்டதால், கற்பனைப் பாத்திரத்தின் பெயரில் வெளிவரும் நூல்களைக் கையாளும் பட்டியலாளர் பலருக்கு அது உவப்பாக இல்லை.

பொருட்பகுப்பில் தனி மரபு ஒன்று சென்னையில் உருவானது. சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒவ்வொரு பொருளுக்கும் ஆயத்தமான இடம் ஒதுக்காமல், பொருளை அதன் முகங்களாகப் பிரித்துப் பின் கோத்தது. 1950களில் தஞ்சாவூரில் நெல் அறுவடை என்பதில் நெல் ஆளுமை, அறுவடை ஆற்றல், தஞ்சாவூர் இடம், 1950கள் காலம்; பருப்பொருள் என்பது ஐந்தாம் வகை. 1952இல் லண்டனில் தொடங்கிய பகுப்பாய்வுக் குழு முகமுறையை ஏற்றது; ஐந்து வகை போதாதென்று அவற்றைப் பெருக்கியது. இன்றைய இணைய அங்காடிகளில் விலை, நிறம், அளவு என்று வடிகட்டும் முறைக்கு இதுவே முன்னோடி.

அருங்காட்சியகத்தில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைப் பொருள். படிநிலைகளுக்கு அங்கே அதிக வேலையில்லை. பொருளுக்கு நேர்ந்தவைதான் முக்கியம். பத்தூர் நடராசர் சிலை 1976இல் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டு, லண்டன் சென்று, வழக்குக்குப் பின் 1991இல் இந்தியா திரும்பியது. உடையவர் என்று ஒரு கட்டத்தில் ஒரு பெயரை எழுதினால் இந்த வரலாறு மறைந்துவிடும். அருங்காட்சியகங்களின் பன்னாட்டுக் கழகமான ஐகாமின் ஆவணக் குழு 1996 முதல் வளர்த்த சிடாக் சிஆர்எம் மாதிரி, ஆக்கம், இடமாற்றம், கைமாற்றம், உடைமை பெறுதல் ஆகியவற்றை நிகழ்வுகளாகப் பதிகிறது. ஆள், பொருள், இடம், காலம் ஆகியவை நிகழ்வில் சந்திக்கின்றன. முரண்பட்ட உரிமைக் கூற்றுகளும் அருகருகே நிற்கலாம். 2006இல் இது ஐஎஸ்ஓ 21127 ஆயிற்று.

ஆவணக் காப்பகம் போற்றுவது ஆவணங்கள் உருவான மூலத்தை. 1994இன் ஐஎஸ்ஏடி விதிகள் ஆவணங்களை ஒரே மரமாக அடுக்கின. 2023இல் நிறைவுற்ற ஆர்ஐசி மாதிரி அதை உறவுகளின் வலையாக மாற்றியது.

இணையத்துக்காக வந்தவை வேறு வகை. தரவு விவரிப்புச் சட்டகமான ஆர்டிஎஃப் 1999இலும் ஆன்டாலஜி மொழியான ஓடபிள்யூஎல் 2004இலும் உலகளாவிய வலைச் சங்கத்தின் பரிந்துரைகளாயின. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பிப்ஃப்ரேம் இவற்றின் மேல் எழுந்தது. அது படைப்பையும் வெளிப்பாட்டையும் ஒன்றாக்கி, மொழிபெயர்ப்பைத் தனிப் படைப்பாக எண்ணுகிறது. பட்டியலிட எளிது. ஆனால் எல்ஆர்எம் பதிவுகளை அதற்குள் மாற்றும்போது படிநிலைகள் சரியாகப் பொருந்துவதில்லை.

நூலகத்தையும் அருங்காட்சியகத்தையும் இணைக்கும் முயற்சி 2003இல் தொடங்கியது. அதன் இன்றைய வடிவான எல்ஆர்எம்ஓஓவை 2024இல் இஃப்லா ஏற்றது. ஒரு படைப்பை எழுதியதும் ஒரு வெளியீட்டை உருவாக்கியதும் இதில் நிகழ்வுகள். ஓலைச்சுவடியில் இதன் பயன் தெரியும். சுவடியில் உள்ள பாடம் நூலகருக்கு ஒரு வெளிப்பாடு. சுவடியோ எழுதப்பட்டது, கொடையாகக் கைமாறியது, செப்பனிடப்பட்டது என்று அருங்காட்சியகத்தாருக்கு உரிய வரலாறுடைய பொருள். இரண்டையும் ஒரே பதிவில், ஒன்றை மற்றொன்றுக்குள் அடக்காமல் சொல்ல இந்த மாதிரி இடம் தருகிறது.