ஸ்ரீவித்யாவைக் காதால் பாருங்கள்

கிழக்கிலங்கையின் ஆலையடிவேம்பிலோ பக்கத்து அக்கரைப்பற்றிலோ இரவு ஏழு மணிக்கு மேல் வீதியால் நடந்துபோனால், ஒரு நாடகத்தை முழுதாகவே கேட்டுவிடலாம். ஒரு வீட்டில் விட்ட வசனம் அடுத்த வீட்டு ஜன்னலில் தொடரும். உள்ளே இருப்பவர்களும் எல்லா நேரமும் திரையைப் பார்ப்பதில்லை. ஒருவர் ரொட்டி சுடுவார், ஒருவர் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். கதை காதுவழியே போய்க்கொண்டிருக்கும். தொலைக்காட்சி நாடகம் பாதிக்கு மேல் கேட்கப்படுகிற கலை. அதனால் பாடத் தெரிந்த ஒரு நடிகை அங்கே வந்தால் என்ன ஆகும் என்று கவனிப்பதில் தனி ருசி உண்டு. அதற்கு ஸ்ரீவித்யாவை விடப் பொருத்தமானவர் கிடைப்பது கஷ்டம்.

1953 இல் சென்னையில் பிறந்தவர். தாய் கர்நாடக இசை மேதை எம். எல். வசந்தகுமாரி, தந்தை நகைச்சுவை நடிகர் கிருஷ்ணமூர்த்தி. சங்கீதம் வீட்டுக்குள்ளேயே இருந்தது, பரதநாட்டியமும் கற்றார். 1967 இல் 'திருவருட்செல்வர்' படத்தில் சிறுமியாகத் திரைக்கு வந்தார். தமிழ்ப்பிள்ளையான அவரைக் கொண்டாடியது மலையாளம். 1979, 1983, 1992 என மூன்று முறை கேரள அரசின் சிறந்த நடிகை விருதைப் பெற்றார். கடைசி ஆண்டுகளில் மலையாளத் தொலைக்காட்சி நாடகங்களில் நடித்தார். 2006 ஒக்டோபர் 19 இல் திருவனந்தபுரத்தில் புற்றுநோயால் இறந்தார். கதைச் சுருக்கம் இவ்வளவுதான். இனி ரசிக்கும் வழி.

முதலில் மூச்சைப் பாருங்கள்

கே. பாலச்சந்தரின் 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்திலிருந்து தொடங்குங்கள். அதில் ஸ்ரீவித்யாவுக்குப் பைரவி என்ற பாடகியின் பாத்திரம். ஆனால் பாட்டில் வருவது அவர் குரல் அல்ல; பாடியவர் வாணி ஜெயராம். 'ஏழு ஸ்வரங்களுக்குள்' பாட்டுக்காக வாணிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. பாடத் தெரிந்த நடிகை, இன்னொருவர் குரலுக்கு வாயசைக்கிறார். இந்த விசித்திரம்தான் நமக்குப் பாடம்.

அந்தப் பாட்டை இரண்டு தடவை போடுங்கள். முதல் தடவை பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு அவர் கழுத்தையும் தோளையும் மட்டும் பாருங்கள். பாடத் தெரியாதவர் சொல் வரும்போதுதான் வாயைத் திறப்பார். பாடுகிறவரோ சொல்லுக்கு முன்பே மூச்சை எடுத்துவிடுவார். வரி முடிந்ததும் பாடத் தெரியாதவர் வாயை மூடிக்கொள்வார். பாடுகிறவர் தாளம் விழும்வரை அந்த இடத்திலேயே நிற்பார். இந்த இரண்டையும் கண்டுபிடிக்கப் பழகினால், சினிமாவில் வரும் எந்தப் பாடகி வேடத்தையும் எடைபோட்டுவிடலாம்.

அடுத்தது, அவர் கேட்பதைப் பாருங்கள்

பாட்டுக்காரருக்கு வாயைவிடக் காதுதான் முக்கியம். சுருதியை விடாமல் கேட்பவர்தான் சுருதியோடு பாட முடியும். நடிப்பிலும் இதுவே ஸ்ரீவித்யாவின் பலம். மணிரத்னத்தின் 'தளபதி' (1991) படத்தில் அவர் கல்யாணி: பெற்ற பிள்ளையைச் சின்ன வயதிலேயே சரக்கு ரயிலில் விட்டுவிட்டு, அந்தப் பாரத்தோடு வாழும் தாய். அந்தப் படத்தில் ரயில் சத்தம் வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். வசனம் இருக்காது. சத்தம் காதில் விழுந்ததும் முகம் ஒரு கணம் வேறெங்கோ போய்த் திரும்பும், அவ்வளவுதான். பெரிய கண்கள் என்று எல்லோரும் அவர் கண்ணைப் புகழ்வார்கள். அந்தக் கண்ணை அசைப்பது காது என்று தெரிந்தால் இன்னும் ரசிப்பீர்கள்.

பிறகு அவர் குரலையே கேளுங்கள்

ஸ்ரீவித்யா சினிமாவில் தன் குரலிலும் பாடியிருக்கிறார். பின்னணி பாடத் தொடங்கியது 'அயலத்தெ சுந்தரி' (1974) என்ற மலையாளப் படத்தில். எளிதில் தேடிப் பிடிக்கக்கூடியது 'ஒரு பைங்கிளிக்கத' (1984) படத்தில் பாலச்சந்திர மேனோனோடு சேர்ந்து பாடிய பாட்டு. தாயின் கச்சேரிக் குரலை அதில் தேடாதீர்கள். விளையாட்டும் சீண்டலுமாகப் பேச்சுக்குப் பக்கத்திலேயே நிற்கும் பாட்டு அது. அந்த நெருக்கத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

நம் பகுதிக் காதுக்கு இது புதிதல்ல. இங்கே முஸ்லிம் கிராமங்களில் பெரியவர்கள் சொல்லும் கவி, பேச்சா பாட்டா என்று பிரிக்க முடியாத இடத்தில்தான் இருக்கும். வரியின் கடைசியை இழுத்து விடுவதில்தான் கவலையோ கேலியோ தெரியும். வைகாசியில் தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயிலில் கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரை படிப்பதைக் கேட்டவர்களுக்கும், கதையைக் குரலே கொண்டுபோகும் விதம் பழக்கம். அந்தக் காதோடு ஸ்ரீவித்யாவிடம் போங்கள்.

கடைசியில் நாடகத்துக்கு வாருங்கள்

'அவிசாரிதம்' என்ற நாடகத்துக்காக 2004 இல் கேரள அரசின் சிறந்த தொலைக்காட்சி நடிகை விருதைப் பெற்றார். கடைசியாக நடித்தவற்றில் 'அம்மத்தம்புராட்டி'யும் ஒன்று. மலையாளம் விளங்காதே என்று தயங்க வேண்டாம். விளங்காதது இங்கே ஒரு வசதி: சொல்லின் பொருள் குறுக்கே வராது, குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கும். ஒரு காட்சியைக் கண்ணை மூடிக் கேளுங்கள். யார் கெஞ்சுகிறார், யார் மறைக்கிறார், யார் முடிவெடுத்துவிட்டார் என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். நாடகங்களில் கோபம் என்றால் குரலை உயர்த்துவதுதான் வழக்கம். குரலைத் தாழ்த்தியும் கோபத்தைக் காட்டலாம் என்று தெரிந்துகொள்ள இது நல்ல பயிற்சி.

பாட்டையும் நாடகத்தையும் ஒன்றாகக் கொண்டவர்கள் வேறு நாடுகளிலும் உண்டு. அவுஸ்திரேலியாவின் கைலி மினோக் 1986 இல் 'நெய்பர்ஸ்' என்ற நாடகத்தில் சேர்ந்தார். அந்தப் புகழே அவரை உலகப் பாடகியாக்கியது. அங்கே நாடகம் பாட்டுக்கு ஏணி. நம் பக்கத்தில் இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு ஆள்: 'சித்தி' நாடகத்தில் நடித்தது ராதிகா, அதன் முகப்புப் பாட்டைப் பாடியது நித்யஸ்ரீ. ஸ்ரீவித்யாவிடமோ பாட்டு நடிப்புக்குள் கரைந்துபோனது. அதனால்தான் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஒன்றை விட்டுவிடலாம்

அவருடைய காதல், மணவாழ்க்கை, நோய் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவர் வாழ்க்கையின் சாயலில் 'திரக்கத' (2008) என்று ஒரு மலையாளப் படமே வந்தது. அந்தக் கதைகளை முதலில் படித்தால், ஒவ்வொரு காட்சியிலும் அவர் சொந்தத் துயரத்தைத்தான் தேடுவீர்கள். தொழில் கண்ணில் படாது. முதலில் தொழிலைப் பாருங்கள்.

'அபூர்வ ராகங்கள்', 'தளபதி', பைங்கிளிப் பாட்டு, நாடகக் காட்சி. இந்த வரிசையில் ஒரு வார இறுதிக்குள் முடித்துவிடலாம். பிறகு இப்போது ஓடும் ஏதாவது ஒரு நாடகத்தைப் போடுங்கள். எந்த நடிகை வசனத்தை ஒப்பிக்கிறார், எவர் எதிரே நிற்பவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.