சேணமும் கொள்ளும்

புதுச்சேரிக் கடற்கரையில் மாலை வேளையில் உட்கார்ந்துவிட்டால் யாருக்குமே பழைய காலத்தைப் பற்றி ஏதாவது பேசத் தோன்றிவிடும். என் நண்பர் ஒருவருக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம். சென்ற மாதம் அவர் குதிரையைப் பற்றி ஆரம்பித்தார்.

"இந்தத் தெருக்களில் ஒரு காலத்தில் குதிரை போயிருக்கும், சார். என்ன சேணம், என்ன பூட்ஸ், என்ன ஜரிகைத் தலைப்பாகை! இப்போது பாருங்கள், ஸ்கூட்டரும் ஹெல்மெட்டும். நீங்கள் அந்தக் காலத்தை வைத்து ஒரு நாவல் எழுத வேண்டும்" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அப்படி ஒரு நாவல் எழுதி மாட்டிக்கொண்டவன் நான்.

பல வருஷங்களுக்கு முன், வாலிப மிடுக்கில், ஒரு பத்திரிகையில் சரித்திரத் தொடர்கதை எழுதினேன். கதாநாயகனுக்கு வெள்ளைக் குதிரை. அதற்கு வெள்ளிக் குமிழ் வைத்த சேணம், பட்டு விரிப்பு, முத்துக் குஞ்சம் கட்டிய கடிவாளம் எல்லாம் கொடுத்தேன். வர்ணனைக்கு மட்டும் ஒரு அத்தியாயத்தில் பாதி போயிற்று. காஞ்சியில் அந்தி மயங்கும் நேரத்தில் ஏறியவன், பாலாறு, பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம் அத்தனையும் கடந்து, விடிவதற்குள் தஞ்சாவூர்க் கோட்டை வாசலில் வந்து இறங்கினான். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். எனக்கும் திருப்தியாகவே இருந்தது.

அப்போது நான் குடியிருந்த சந்தில், முன்பு ஜட்கா ஓட்டிய கிழவர் ஒருவர் இருந்தார். பேரன் அவருக்கு என் தொடரை வாரா வாரம் படித்துக் காட்டுவானாம். ஒருநாள் என்னை நிறுத்தினார்.

"கதை நல்லாத்தாங்க இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் குதிரைக்கு எப்பங்க கொள்ளு வைக்கிறீங்க?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திண்ணையில் உட்கார வைத்து எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். கொள்ளை அப்படியே அள்ளிப் போட்டால் வயிற்றுவலி கண்டு குதிரை செத்துப்போகும். ஊறவைத்தோ வேகவைத்தோதான் போட வேண்டும். ஓடி வந்த குதிரையை உடனே தொட்டித் தண்ணீரில் வாய் வைக்க விடக்கூடாது. வயிற்றுப் பட்டையைத் தளர்த்தி, மூச்சு அடங்கும் வரையில் மெள்ள நடத்த வேண்டும். பிறகு வைக்கோலைச் சுருட்டி உடம்பெல்லாம் தேய்த்து மாலீசு செய்ய வேண்டும். நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் குளம்பில் கல் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேணம் உராயும் இடத்தில் தோல் சிவந்திருந்தால் மறுநாள் பூட்டவே கூடாது. "முதுகுப் புண்ணு ஆறதுக்குள்ள நம்ம வயிறு காஞ்சுடும், ஆனா பூட்டினா குதிரையே போயிடும்" என்றார். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்: "உங்க ஆளு தஞ்சாவூர் போயிருக்க மாட்டாரு. திண்டிவனம் தாண்டுறதுக்குள்ள குதிரை விழுந்திருக்கும்."

என் எழுத்துக்கு எத்தனையோ விமர்சனம் வந்திருக்கிறது. இதைவிடச் சரியான விமர்சனம் ஒன்று வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு சரித்திர நாவல்களை நான் இந்தக் கிழவரின் கண்ணோடுதான் படித்து வருகிறேன். கல்கிக்கு இந்த விஷயத்தில் நியாயம் செய்தாக வேண்டும். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னின் தொடக்கத்தில் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் வருகிறானே, அவன் குதிரை பாய்ந்து வரவில்லை. நெடுவழி நடந்த அலுப்போடு மெள்ள நடந்து வருகிறது. அந்த ஓர் அலுப்பினால் அது உயிருள்ள குதிரையாகிவிட்டது. அவருக்குப் பின்னால் வந்த நாங்கள் அந்த ஏரியை எடுத்துக்கொண்டோம், வாலிபனை எடுத்துக்கொண்டோம், குதிரையையும் எடுத்துக்கொண்டோம். அலுப்பை மட்டும் விட்டுவிட்டோம். எங்கள் குதிரைகள் தின்பதில்லை, தூங்குவதில்லை, நொண்டுவதில்லை. கதாநாயகன் இறங்கியதும் அவை எங்கே போகின்றன என்பது எழுதியவனுக்கே தெரியாது. சினிமாவும் இதைத்தான் செய்தது. அதில் சத்தம் மட்டும் கூடுதல்.

இதற்கு எதிராக சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாச'லை வைத்துப் பார்க்கலாம். அதில் காளையின் கொம்பு எந்தப் பக்கம் வளைகிறது, திமில் எப்படி அசைகிறது, பிடிப்பவன் கை எங்கே வழுக்குகிறது என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் எழுதியிருக்கிறார். அலங்காரம் மிகக் குறைவு. மாடு நம் எதிரே நிற்கிறது. தமிழனுக்கு மாடு வீட்டுப் பிராணி, குதிரை வந்த பிராணி. வித்தியாசம் அதுதான் என்று சிலர் சமாதானம் சொல்லலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்தச் சமாதானத்தைக் கொஞ்சம் கிளறினால் சங்கடமான சங்கதிகள் கிடைக்கின்றன.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே அரசர்கள் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள் என்றும், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். குதிரைக்கு வைத்தியம் பார்க்கவும் லாடம் அடிக்கவும் தெரிந்தவர்கள் இல்லை. அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்துவிடாதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. சற்றுப் பின்னால் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் விலையும் சொல்கிறார்: ஒரு குதிரைக்கு 220 பொன் தினார், வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் கஜானாவிலிருந்து பணம் கொடுக்கப்பட்டது. வந்த குதிரைகளை நாற்பது நாள் கயிறும் முளையுமாகக் கட்டிப் போட்டுக் கொழுக்க வைப்பார்களாம். வறுத்த தானியத்தில் வெண்ணெய் கலந்து, காய்ச்சிய பாலும் கொடுப்பார்களாம். பிறகு பழக்காமல், அங்கவடிகூட இல்லாமல், பேய் மாதிரி ஏறி ஓட்டுவார்களாம். எவ்வளவு நல்ல குதிரையும் சீக்கிரமே ஒன்றுக்கும் உதவாததாகிவிடும் என்கிறார்.

வெளியூர்க்காரர்கள் மிகைப்படுத்தியிருக்கலாம். பாதியைத் தள்ளினாலும் மீதி நிற்கிறது. வெண்ணெய் கொடுத்ததில் அன்புக்குக் குறைவில்லை, அறிவுக்குத்தான் குறைவு. மாணிக்கவாசகர் கதையை இந்த வெளிச்சத்தில் நினைத்துப் பார்க்கிறேன். பாண்டியன் குதிரை வாங்கப் பணம் கொடுத்தனுப்புகிறான். பணம் கோயில் திருப்பணிக்குப் போகிறது. இறைவனே குதிரை வியாபாரியாக வந்து நரிகளைப் பரிகளாக்கித் தருகிறான். இரவில் அவை மறுபடி நரியாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிவிடுகின்றன. பக்தியின் பெருமையைச் சொல்ல வந்த கதை அது. அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் விடிந்து பார்த்தால் லாயம் காலி என்ற ஒரு காட்சி, கேட்டவர்களுக்கு அவ்வளவு புதிதாக இருந்திராது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக, நாம் எந்தப் பழைய காலத்துக்காக ஏங்குகிறோமோ, அந்தக் காலத்திலேயே குதிரை பெரும்பாலும் அலங்காரமாகவும் எண்ணிக்கையாகவுமே இருந்திருக்கிறது. இந்தப் புதுச்சேரியிலேயே அதற்கு அத்தாட்சி உண்டு. துய்ப்ளேக்ஸின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளைக்கு முசஃபர் ஜங் மூவாயிரம் குதிரை மன்சப் கொடுத்தார். மூவாயிரம் குதிரையும் ரங்கப் பிள்ளை வீட்டுப் புறக்கடையில் நின்று புல் தின்றதாக யாரும் நினைத்துவிட வேண்டாம்; அது அந்தஸ்துக்கு ஒரு அளவு. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய அந்த மனிதர் விலைவாசியும் வதந்தியும் மரியாதைச் சண்டைகளும் ஒன்று விடாமல் குறித்து வைத்தார். சரித்திர நாவல் எழுத நினைப்பவர்கள் சேணத்தின் குஞ்சத்தை விட்டுவிட்டு அந்தக் குறிக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டால் நல்லது.

குதிரை வீரனின் பெருமைக்கு முடிவு கட்டக் கிளம்பியதும் இந்த ஊரிலிருந்துதான். 1746இல் பாரதி என்ற அதிகாரியின் கீழ் (நம் கவியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பிரெஞ்சில் பாரதிஸ் என்று எழுதுவார்கள்) சுமார் ஆயிரம் பேர் புதுச்சேரியிலிருந்து நடந்தே சென்னைக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மூர்ச் சிப்பாய்கள். அடையாற்றங்கரையில் நவாபின் மகன் மாபூஸ் கானின் படை நின்றது. சுமார் பத்தாயிரம் பேர், பேர்போன குதிரைப்படை. கால்நடையாக வந்தவர்கள் ஆற்றில் இறங்கி, துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே ஏறி, அதைக் கலைத்துவிட்டார்கள். என் நண்பர் ஏங்கும் ஜரிகைத் தலைப்பாகை அன்றைக்கே ஆற்றில் விழுந்துவிட்டது.

ஊரும் அதை மறக்கவில்லை போலிருக்கிறது. கடற்கரையில் துய்ப்ளேக்ஸ் நிற்கிறார், காந்தி நடக்கிறார், மாதா கோயில் எதிரே ஜோன் ஆஃப் ஆர்க் நிற்கிறாள். குதிரைமேல் போருக்குப் போனவள் என்று பேர் வாங்கிய அவளும் இங்கே தரையில்தான் நிற்கிறாள். சென்னையில் 1839இல் வைத்த மன்றோ சிலை குதிரைமேல் இருக்கிறது. ஆனால் அந்தக் குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று ஊரில் கதை சொல்வார்கள். மறந்தாரோ, பழைய ரோமாபுரி மாதிரியை நினைத்து வேண்டுமென்றே விட்டாரோ, பார்க்கிறவன் முதலில் தேடுவது சேணத்தைத்தான்; குதிரையை யாரும் கவனிப்பதில்லை.

புதுச்சேரியில் இன்னொரு வண்டி இருந்தது: புஷ் வண்டி. உள்ளே உட்கார்ந்தவர் முன்சக்கரத்தின் பிடியைத் திருப்பி வழி காட்டுவார். பின்னாலிருந்து ஆள் தள்ளிக்கொண்டு ஓடுவான். குதிரை இருக்க வேண்டிய இடத்தில் மனிதன். பழைய படங்களில் அதைப் பார்த்து, "என்ன அழகான வண்டி!" என்கிறோம். மெத்தையையும் விளக்கையும் பார்க்கிறோம். தள்ளியவன் காலில் செருப்பு இருந்ததா, ஓடி முடித்ததும் அவன் எங்கே உட்கார்ந்தான், யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை. குதிரைக்குக் கொள்ளு வைக்க மறந்த அதே மறதிதான் இது. ஒன்றைப் பழகினால் மற்றொன்று தானாக வந்துவிடும்.

பழசை நினைப்பது தவறு என்று நான் சொல்லவரவில்லை. நாவலாசிரியன் அப்படிச் சொன்னால் அவன் பிழைப்பு என்னாவது? எதை நினைக்கிறோம் என்பதுதான் கேள்வி. உடுப்பை நினைப்பது சுலபம். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் இவ்வூர்ப் போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் தொழில் அப்படி மிஞ்சாது. சேணம் கண்ணாடிப் பெட்டியில் நூறு வருஷம் இருக்கும். முதுகுப் புண்ணைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விரல், மனிதனோடு போய்விடும். அந்தக் கிழவர் போய்விட்டார். அவர் பேரன் ஆட்டோ ஓட்டினான். பாட்டனாரின் வார்த்தைகளில் பாதி அவனுக்குத் தெரியாது. அன்று திண்ணையில் கேட்டதை நானும் குறித்து வைக்கவில்லை; ஞாபகத்தில் நின்றதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியென்றால் குதிரை நாவல் எழுதமாட்டீர்களா?" என்றார்.

"எழுதலாம். கதாநாயகன் குதிரைக்காரனாக இருக்க வேண்டும்" என்றேன்.

"அவனுக்கு என்ன உடுப்பு?" என்று கேட்டார் நண்பர்.