சீட்டு பேசாத கார்

திருமலையிலிருந்து இறங்கும் பழைய மலைப்பாதை 1944-ல் திறந்தது, வளைவுகள் 36. அதில் இறங்கும் வண்டி குறைந்தது 40 நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தேவஸ்தானம் விதி வகுத்தது. சீக்கிரம் வந்து சேருவதே அங்கே குற்றம். அந்த மலையின் அடிவாரத்தில், திருப்பதியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, டொயோட்டா ஏஇ86 காரை ஜப்பானிய மலைச்சரிவு ஒன்றில் வாலை வீசி இறக்கிக்கொண்டிருக்கிறேன். கார் திரையில் இருக்கிறது. ஸ்டியரிங் மட்டும் நிஜம், மேஜை விளிம்பில் இறுக்கி வைத்தது. விளையாட்டின் பெயர் அசெட்டோ கோர்சா, இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014-ல் முழுமையாக வெளியிட்டது. நிஜ ஓட்டத்தை அப்படியே தருகிறது என்று ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். அதில் எவ்வளவு செல்லும்?

முதலில் கார். 1983-ல் கொரோலா குடும்பத்தின் பெரும்பகுதி முன்வீல் இழுவைக்கு மாறியபோது இந்த இரட்டைக்கதவு வகை பின்வீலிலேயே நின்றது. 1587 சிசி எஞ்சின், சுமார் 130 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, பின்னால் அம்பாசிடரைப் போல ஒரே இரும்பு அச்சு. ஜப்பானியப் பந்தய ஓட்டுநர் கெய்ச்சி சுச்சியாவின் சறுக்கு ஓட்டமும், 1995-ல் தொடங்கிய ‘இனிஷியல் டி’ படக்கதையும் அதைத் தெய்வமாக்கிவிட்டன. காரைவிடப் புகழ் பெரிது என்பது என் எண்ணம். ஆனாலும் சிமுலேட்டரில் அதன் ஏழ்மையே அதற்குப் பலம்.

காரணம் இது. காய்ந்த தார்ச்சாலையில் ஆக்சிலரேட்டரை அமுக்கி மட்டும் இந்தக் காரின் பின்சக்கரங்களைச் சறுக்க வைப்பது கடினம். வளைவுக்கு முன்பே பிரேக்கைத் தொட வேண்டும், அல்லது காலை எடுக்க வேண்டும். எடை முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும். அந்தக் கணத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால்தான் வால் கிளம்பும். தாமதித்தால் மூக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகும். அளவுக்கு மீறி வாலை வீசினால் வேகம் செத்து வண்டி நின்றுவிடும், மீட்க எஞ்சினில் சரக்கு இல்லை. ஆக, வேலை முழுக்க வளைவுக்கு முன்னால். அது கண்ணும் கணக்கும் சேர்ந்த வேலை. கண்ணுக்கு வேண்டியதைத் திரை பெரிதாகக் குறைக்காமல் தருகிறது. நான்கு சக்கரங்களிலும் எடை மாறுவதை விளையாட்டு நேர்மையாகவே கணக்கிடுகிறது.

இதே காரின் டிரிஃப்ட், அதாவது சறுக்கு ஓட்ட வடிவமும் விளையாட்டில் உண்டு: கூடுதல் சக்தி, கூடுதலாக ஒடியும் முன்சக்கரங்கள். அங்கேதான் பொய் தொடங்குகிறது. சக்தி மிகுந்தால் சறுக்கலைக் காப்பது முன்யோசனை அல்ல, அனிச்சை. பின்பக்கம் கிளம்புவதை நிஜத்தில் இடுப்பு முதலில் அறியும், கண் பிறகுதான். சித்தூரில் முப்பது வருடம் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டிய என் மாமாவை அதில் உட்கார வைத்தேன். இரண்டு முறை சுழன்று நின்றதும் எழுந்துவிட்டார். “என்னடா இது, சீட்டு ஒண்ணுமே சொல்லமாட்டேங்குது.” இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

கையிலும் ஒரு குறை. வால் சறுக்கும்போது முன்சக்கரங்கள் கார் போகும் திசைக்குத் தாமே திரும்பப் பார்க்கும். தேர்ந்தவர் பிடியைத் தளர்த்தி ஸ்டியரிங்கை உள்ளங்கைக்குள் ஓட விடுவார். என்னிடம் இருப்பதுபோன்ற பல்சக்கர மோட்டார் ஸ்டியரிங் அந்த வேகத்துக்குச் சுழலாது. நாமே தள்ள வேண்டியிருக்கிறது, கை தப்பான பாடத்தைக் கற்கிறது. நேரடி மோட்டார் வகை இதைத் தீர்க்கும். ஆனால் அதில் உயர்ந்த ரகத்தின் விலைக்கு ஒரு பழைய மாருதி ஆம்னியே கிடைக்கும். அதுவும் பின்வீல் வண்டிதான்.

சிமுலேட்டர் ஓட்டுநரை உருவாக்காதா என்று கேட்பவர்கள் ஜான் மார்டன்பரோவைக் காட்டுவார்கள். வேறொரு பந்தய விளையாட்டு வழியே 2011-ல் தேர்வாகி, 2013 லெ மான் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தவர். உண்மை. ஆனால் அவர் ஜெயித்தது பிடிமான ஓட்டத்தில், சறுக்கலில் அல்ல; நடுவே நிஜக் காரில் பயிற்சியும் பெற்றார். எங்கே பிரேக் பிடிப்பது, எந்தக் கோட்டில் நுழைவது என்பதற்கு அவர் நல்ல சாட்சி. இடுப்பறிவுக்கு அல்ல.

எனவே என் தீர்ப்பு பாதிப் பாதி அல்ல. மாற்றம் செய்யாத ஏஇ86, சாதாரண சாலை டயர்: இந்தச் சேர்க்கையில் சிமுலேட்டர் எடையின் நடத்தையைச் சொல்லித்தரும் முதல்தர ஆசிரியர். சக்தியைக் கூட்டிய டிரிஃப்ட் கார் ஒரு சாயங்காலப் பொழுதுபோக்கு. மலைப்பாதை ஓட்டத்துக்கு மதிப்பெண் பூஜ்யம். எதிரே பேருந்து, வளைவில் மணல், ஓரத்தில் குரங்கு எதுவும் திரையில் இல்லை, தவறினால் மறுபடி தொடங்க ஒரு பொத்தான் போதும்.

அடுத்த வாரம் மாமாவைச் சாதாரண ஏஇ86-ல் உட்கார வைத்தேன். எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் கொண்டை ஊசிக்கு நல்ல தூரம் முன்னாலேயே காலை எடுத்தார். வால் மெல்லக் கிளம்பி, வந்த மாதிரியே அடங்கியது. சீட்டைப் பற்றி அன்று அவர் பேசவில்லை.