நான்கு நகரங்களுக்கு அப்பால்

‘சிவிலைசேஷன் 5’ என்ற கணினி வியூக விளையாட்டை ஊன்றி ஆடியவர்களில் பெரும்பாலோர் ஒரே பாதையில்தான் போய்ச் சேர்ந்தார்கள். டிரெடிஷன் கொள்கை மரம், நான்கு நகரங்கள், எல்லாவற்றிலும் நூலகம், உடனே நேஷனல் காலேஜ் என்ற தேசியக் கட்டடம், காலம் வந்ததும் ரேஷனலிசம் என்ற இன்னொரு கொள்கை மரம். ஃபிராக்ஸிஸ் உருவாக்கி, 2010இல் வெளிவந்து, 2013இல் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ விரிவாக்கத்தோடு நிறைவுபெற்ற விளையாட்டு இது. அதில் 43 நாகரிகங்கள் உண்டு. தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க நான்கு கொள்கை மரங்கள் உண்டு. அத்தனை இருந்தும் கடினமான நிலைகளில் ஆடுபவருக்குக் கடைசியில் மிஞ்சியது ஒரே வழி.

காரணம் விதிகளிலேயே இருக்கிறது. புதிதாக ஒரு நகரம் வைத்தால் மூன்று அதிருப்தி, அதில் பிறக்கும் ஒவ்வொரு குடிக்கும் ஒன்று. பட்டோ தந்தமோ ஏதாவதொரு ஆடம்பரப் பொருள் கிடைத்தால் நான்கு மகிழ்ச்சி வரும். நாடு முழுவதற்கும் கணக்கு ஒன்றுதான். அது பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் மக்கள்தொகை வளர்ச்சி கால்பங்காகச் சுருங்கிவிடும். கடைசி விரிவாக்கம் இதற்கு மேலும் ஒரு சுமை ஏற்றியது: நடுத்தர அளவு வரைபடத்தில் ஒவ்வொரு கூடுதல் நகரத்துக்கும் ஆராய்ச்சிச் செலவு 5 விழுக்காடு ஏறும். நேஷனல் காலேஜ் கட்ட வேண்டுமானால் இருக்கிற நகரம் அனைத்திலும் நூலகம் வேண்டும். டிரெடிஷன் மரமோ பண்பாட்டுக் கட்டடத்தையும் நீர்க்கால்வாயையும் முதல் நான்கு நகரங்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. நான்கு என்ற எண்ணிக்கையை ஆட்டக்காரர்கள் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. விதிகளே அதை எழுதி வைத்திருந்தன.

இந்த இறுக்கத்தை உடைக்க விசிறிகள் உருவாக்கிய மோட்தான் ‘வாக்ஸ் பாபுலை’. மோட் என்றால் மூல விளையாட்டின் விதிகளையும் நிரலையும் ஆட்டக்காரர்களே திருத்தி எழுதிக்கொள்ளும் பதிப்பு. விளையாட்டின் உள்நிரலில் ஒரு பெரும் பகுதியை நிறுவனமே வெளியிட்டதால், எண்களை மட்டுமல்ல, கணினி எதிரி யோசிக்கும் முறையையே மாற்றும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. பல ஆண்டுகளாக விதிகளைக் கூட்டியும் குறைத்தும் வருகிறார்கள். சம்பளமில்லாமல் இத்தனை பொறுமையோடு நடக்கும் வேலைமீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. அதனாலேயே அதன் குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாக்ஸ் பாபுலை மிக நன்றாகச் செய்தது கொள்கை மரங்களைத்தான். ஒன்று வலுவாக இருந்தால் அதன் எண்களைக் குறைப்பது, அதாவது ஆட்டக்காரர்கள் சொல்லும் ‘நெர்ஃப்’, சமன்செய்வதில் கைக்கு முதலில் வரும் கருவி. டிரெடிஷனின் இலவசக் கட்டடங்களைப் பிடுங்கியிருந்தால் மூல விளையாட்டின் மற்றொரு தொடக்க மரமான லிபர்ட்டி தானாக மேலேறியிருக்கும். ஆனால் பழைய ஒற்றை வழியின் இடத்தில் வேறொரு ஒற்றை வழிதான் வந்திருக்கும். மோட்டை எழுதியவர்கள் அந்தக் குறுக்குவழியில் போகவில்லை. டிரெடிஷன், புரோக்ரஸ், அதாரிட்டி என்று தொடக்கத்துக்கு மூன்று மரங்களை வைத்து, ஒவ்வொன்றும் ஆட்டக்காரரிடம் வேறொரு வேலையைக் கேட்கும்படி செய்தார்கள். டிரெடிஷன் தலைநகரத்தைப் பெருக்கி மேதைகளை வளர்க்கச் சொல்கிறது. புரோக்ரஸ் எடுத்தவருக்குக் கட்டடங்களும் கண்டுபிடிப்புகளும் கையோடு வருவாய் தருகின்றன. அதாரிட்டி எடுத்தவர் எதிரிப் படைகளை வீழ்த்தித்தான் தன் பண்பாட்டையும் அறிவியலையும் ஈட்ட வேண்டும்.

இதன் பலன் பத்தாவது சுற்றிலேயே தெரியும். பக்கத்தில் காட்டுமிராண்டி முகாம்கள் நிறைய இருக்கின்றனவா, நிலம் அகலமா, மலைகளுக்கு நடுவே அடைபட்டிருக்கிறோமா என்று வரைபடத்தைப் படித்துவிட்டுத்தான் மரத்தைத் தொட முடிகிறது. மூல விளையாட்டில் வரைபடம் எப்படியிருந்தாலும் விடை முன்பே தெரிந்திருந்தது. மூன்று மரங்களும் துல்லியமாகச் சம வலிமை கொண்டவையா என்று கேட்டால் ஐயம்தான். ஆனால் எது உயர்ந்தது என்பதை இப்போது நிலமும் அண்டை நாடும் தீர்மானிக்கின்றன. சமன்செய்தலிலிருந்து நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

கணினி எதிரியைத் திருத்தியதும் இதற்கு ஈடான சாதனை. ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம் என்ற சிவிலைசேஷன் 5 விதி போர்க்களத்தை அழகாக்கியது. கணினியின் கையையோ கட்டிப்போட்டது. மூல வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபரே இந்த விதியின் சிக்கல்களைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். வில்லாளர்களை முன்னே நிறுத்தி இழப்பதும், காயம்பட்ட படையைப் பின்னிழுக்கத் தெரியாமல் தவிப்பதும் மூல விளையாட்டில் அன்றாடக் காட்சி. அந்தத் தடுமாற்றத்தை ஈடுகட்ட மிகக் கடினமான ‘டெய்ட்டி’ நிலையில் கணினிக்குத் தொடக்கத்திலேயே கூடுதல் படைகளும் சலுகை விலைகளும் அள்ளித் தரப்பட்டன. போரில் முட்டாளாகவும் பொருளாதாரத்தில் பூதமாகவும் இருக்கும் எதிரியை வைத்துக்கொண்டு எந்த விதி சரி, எது மிகை என்று அளக்கவே முடியாது. மோட்டில் கணினி வளைத்துத் தாக்குகிறது, பின்வாங்குகிறது, கடலிலும் ஒழுங்காகப் போரிடுகிறது. அதனால் விதிகளை நிறுத்துப் பார்க்க ஒரு நம்பகமான தராசு கிடைத்தது. இதற்கும் ஒரு விலை உண்டு. கணினிக்குப் புரியாத விதியை மோட்டில் சேர்க்க முடியாது. மனித ஆட்டக்காரருக்குச் சுவையான, சூழ்ச்சி நிறைந்த யோசனைகள் சில அந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. இது நியாயமான விலை என்றே நினைக்கிறேன்.

சறுக்கல் மகிழ்ச்சிக் கணக்கில்தான். நாடு முழுவதற்குமான ஒற்றை எண்ணைக் கைவிட்டு, ஒவ்வொரு நகரத்தின் தேவைகளையும் தனித்தனியே பார்க்கும் முறையை மோட் கொண்டுவந்தது. உணவும் உற்பத்தியும் போதவில்லையென்றால் துயரம், பொன் போதவில்லையென்றால் வறுமை, அறிவியல் போதவில்லையென்றால் கல்லாமை, பண்பாடு போதவில்லையென்றால் சலிப்பு. மதப் பூசலும் உண்டு. எண்ணத்தில் இது மூலத்தைவிட எவ்வளவோ மேல். நகரம் வைத்ததே குற்றம் என்று பழைய விதி தண்டித்தது. புதிய விதி, வைத்த நகரத்தைப் பராமரித்தாயா என்று கேட்கிறது. நூலகம் கட்டினால் கல்லாமை குறைகிறது. பத்து நகரங்களோடு ஆள முடிகிறது. நான்கின் பிடி தளர்ந்தது இங்கேதான்.

ஆனால் ‘போதவில்லை’ என்பதை எதை வைத்து அளப்பது? மோட் தேர்ந்தெடுத்த அளவுகோல் உலக நகரங்களின் இடைநிலை. தலைக்கு எவ்வளவு விளைகிறது என்று உலகெங்கும் உள்ள நகரங்களைப் பார்த்து, நடுவில் நிற்கும் அளவோடு உங்கள் நகரம் ஒப்பிடப்படும். அதன்மேல் உங்கள் தொழில்நுட்ப முன்னேற்றம் போன்ற காரணிகள் ஏறும். கணிதமாகப் பார்த்தால் இது கெட்டிக்காரத்தனம். எந்த யுகத்திலும், எந்த அளவு வரைபடத்திலும் அளவுகோல் தானே நீளும், தானே குறுகும். எண்களை யுகத்துக்கு யுகம் கையால் திருத்த வேண்டியதில்லை.

ஆட்டக்காரரின் நாற்காலியிலிருந்து பார்த்தால் நிலைமை வேறு. நீங்கள் இன்னும் கண்டறியாத கடலுக்கு அப்பால், பெயர் தெரியாத ஒரு நாடு தன் நகரங்களில் பல்கலைக்கழகம் கட்டுகிறது. இடைநிலை ஏறுகிறது. உங்கள் மக்கள் கல்லாதவர்கள் ஆகிறார்கள். நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. போன சுற்றில் செய்ததையே இந்தச் சுற்றிலும் செய்தீர்கள். திரையில் ஒரு சிவப்பு எண் வருகிறது. அதன்மேல் சுட்டியை வைத்தால் விளக்கப் பெட்டியில் விழுக்காடுகள் வரிசையாக வருகின்றன, ஆனால் அவை எங்கிருந்து முளைத்தன என்று கண்ணால் காண வழியில்லை. மூல விளையாட்டின் மகிழ்ச்சி விதி கடுமையானது, ஆனால் காகிதத்தில் கூட்டிப் பார்க்கக்கூடியது. ‘அடுத்த நகரம் வைத்தால் மூன்று போகும், பட்டு கிடைத்தால் நான்கு வரும்’ என்று புதியவரும் திட்டமிடலாம். வியூக விளையாட்டின் உயிர் இந்த முன்னறிதலில் இருக்கிறது. சமநிலைக்காக அதை விற்றது நல்ல பேரம் அல்ல.

ஒப்பீட்டு அளவுகோலுக்கு இன்னொரு கோணலும் உண்டு. முன்னணியில் இருப்பவர் பெரும்பாலும் இடைநிலைக்கு மேலேயே இருப்பார்; பின்தங்கியவர் கீழே. ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருப்பவரின் நகரங்களில்தான் அதிருப்தி குவியும். தொழில்நுட்பக் காரணி இதைத் தணிக்கத்தான் இருக்கிறது. ஒரு சரிவை மறைக்க இன்னொரு சரிவை வைப்பதால் கணக்கு மேலும் மங்குகிறது. மோட்டின் வரலாற்றில் திரும்பத் திரும்பப் பிரித்துக் கட்டப்பட்ட பகுதிகளில் மகிழ்ச்சிக்கே முதலிடம் தரலாம். அளவுகோலை வைத்துக்கொண்டு எண்களை மட்டும் திருத்தினால் எத்தனை முறை கட்டினாலும் இந்தக் குறை தீராது.

மாற்றங்களை முடிவு செய்யும் முறையும் காலப்போக்கில் மாறியது. தொடக்கத்தில் ஓரிரு நிரலாளர்களின் தீர்ப்பே இறுதி. பிறகு யாரும் முன்மொழிவு தரலாம், நிரலாக்கித் தர ஒருவர் பொறுப்பேற்றால் அது வாக்கெடுப்புக்கு வரும் என்றானது. செய்ய ஆள் இல்லாத ஆசை வாக்குக்கே வராது என்ற நிபந்தனை மிகவும் சரியானது. வாக்களிப்பவர்கள் யார் என்பதில்தான் எனக்குத் தயக்கம். சாதாரண வேகத்தில் ஒரு முழு ஆட்டம் 500 சுற்றுகள் வரை போகும். முப்பதாவது சுற்றில் செய்த மாற்றம் முந்நூறாவது சுற்றில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வாரக்கணக்கில் ஆட வேண்டும். அப்படி ஆடுகிறவர் சிலர். அவர்களுக்கு விளக்கப் பெட்டியின் விழுக்காடுகள் மனப்பாடம். கணக்கு மங்கலாக இருப்பது குறையாகவே படாத ஒரு கூட்டத்திடம் அதைத் தெளிவாக்கச் சொல்லி வாக்கு கேட்பது கடினம்.

பதிப்புகள் வரும் வேகமும் அப்படித்தான். பெரிய பதிப்பு ஒன்று வந்தால் பழைய சேமிப்பு பெரும்பாலும் ஓடாது. வார இறுதிகளில் மட்டும் ஆடுபவர், ஒரு விதியைப் பழகி முடிக்கும் முன்பே அது போய்விடுகிறது. இங்கே மோட்டுக்கு உள்ளேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பிழைகளையும் கணினியின் அறிவையும் மட்டும் திருத்தும் அடிப்படைப் பகுதியை, புதிய விதிகள் ஏதுமின்றித் தனியாக நிறுவிக்கொள்ளலாம் என்று தொடக்கத்திலிருந்தே பிரித்து வைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சிக் கணக்கையும் அதேபோல் பிரித்து, இடைநிலையை விட்டு, யுகத்துக்கு ஒரு நிலையான அளவு என்று அச்சிட்டுக் காட்டும் தனிப் பகுதியாகத் தரலாம். யுகத்துக்கு யுகம் எண்களைக் கையால் திருத்தும் உழைப்பு கூடும். அந்த உழைப்புக்கு அஞ்சாதவர்கள்தான் மூன்று கொள்கை மரங்களை முதலிலிருந்து எழுதினார்கள்.