நிறுத்தி நிறுத்தி ஓடும் எழுத்து

காப்பர்பிளேட் எழுத்தைப் பார்ப்பவர்கள் முதலில் வியப்பது அதன் ஓட்டத்தைத்தான். பேனாவை எடுக்காமல் ஒரே வீச்சில் எழுதி முடித்ததுபோல் இருக்கும். கற்கத் தொடங்கினால்தான் தெரியும், அந்த ஓட்டம் முழுக்க நிறுத்தங்களால் ஆனது என்று. ஒரு கோடு முடிந்ததும் பேனா நிற்கிறது, தாளைவிட்டு எழுகிறது, அடுத்த கோடு பிறக்க வேண்டிய இடத்தைப் பார்த்துத் தொடுகிறது. இணைந்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதே இந்தக் கலையின் நேர்த்தி.

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வணிகக் கடிதங்களிலும் கணக்கேடுகளிலும் கோலோச்சிய எழுத்து இது. எழுத்தாசான்கள் இறகுப் பேனாவால் எழுதிய மாதிரிகளைச் செதுக்குநர்கள் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்டார்கள். ஜார்ஜ் பிக்காம் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘தி யுனிவர்சல் பென்மேன்’ 25 ஆசான்களின் கைவண்ணத்தை இருநூற்றுக்கும் மேற்பட்ட தகடுகளில் தந்தது. வளைந்து கொடுக்கும் கூர்முனை எஃகு நிப்புகள் பரவலானது அடுத்த நூற்றாண்டில்.

நிப்பின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் பிளவு விரிந்து கோடு பருக்கும். மேலே போகும்போது அழுத்தத்தை முற்றிலும் விட்டுவிட்டால் மயிரிழையாகும். ஆங்கில ‘ஓ’ எழுத்தின் முட்டை வடிவத்தைப் பாருங்கள். உச்சியில் இழையாகத் தொடங்கி, இடப்பக்க நடுவில் பருத்து, அடிக்கு வருமுன் மெலிந்து, வலப்பக்கம் இழையாகவே ஏறுகிறது. பருமன் எங்கே தொடங்கியது, எங்கே கரைந்தது என்று சுட்டிக்காட்ட முடியாவிட்டால் அது தேர்ந்த கை.

அந்த முட்டை வடிவம் கைவந்தால் ஏ, டி, ஜி, கியூ என்ற சிற்றெழுத்துகளில் பாதி வேலை முடிந்துவிடும். ஏழெட்டு அடிப்படைக் கோடுகளே மாறி மாறிச் சேர்ந்து ஏறக்குறைய எல்லாச் சிற்றெழுத்துகளையும் உருவாக்குகின்றன. அவை அனைத்தும் ஒரே சாய்வில், அடிக்கோட்டுக்கு 55 பாகையில் நிற்க வேண்டும். நிப்பின் பிளவும் அதே திசையைப் பார்க்க வேண்டும் என்பதால்தான் வலக்கைக்காரர்கள் பக்கவாட்டில் நிப்பைத் தாங்கும் ஹோல்டரை விரும்புகிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ‘நிக்கோ ஜி’ நிப் நல்ல துணை. சற்று விறைப்பானது, கை தடுமாறினாலும் பொறுத்துக்கொள்ளும். புது நிப்பின் மேலுள்ள எண்ணெய்ப் பூச்சைத் துடைத்தெடுக்காவிட்டால் மை ஒட்டாமல் திரளும். தாள் வழவழப்பாகவும் மை ஊறாததாகவும் இருக்கட்டும்.

கையெழுத்து நன்றாக இல்லை என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். அன்றாடக் கையெழுத்து வேகத்தின் பழக்கம். காப்பர்பிளேட் கோடு கோடாகக் கட்டப்படுவது. அன்றாடக் கையெழுத்து மோசமாக இருப்பது அதற்குத் தடையே இல்லை. முதல் நாளே பெயரை எழுதிப் பார்க்கும் ஆசையை மட்டும் தள்ளிவையுங்கள். சாய்கோடு போட்ட தாளில் ஒரு பக்கம் முழுக்க முட்டை வடிவம் போடுங்கள், மெதுவாக. சொற்கள் தாமாக வரும்.