அட்டையின் பின்பக்கம் சொல்லாதது

சீனம் கற்பவர்களில் பலர் இன்று கைபேசிச் செயலியில் அட்டை புரட்டித்தான் சொல் சேர்க்கிறார்கள். முன்பக்கம் சீன எழுத்து, பின்பக்கம் ஒற்றைப் பொருள். மறக்கும் தறுவாயில் செயலி மறுபடி கேட்கும். இம்முறையை எளிதில் தள்ளிவிட முடியாது. சீனக் கல்வி அமைச்சகம் 2021இல் வெளியிட்ட மொழித் தரநிலை, ஒன்பது நிலைகளுக்கு 11,092 சொற்களை வகுத்திருக்கிறது. எழுத்தைப் பார்த்தவுடன் உச்சரிக்க முடியாத மொழியில், இத்தனையையும் வாசித்தே பழகுவதென்றால் ஆண்டுகள் ஓடிவிடும்.

மேல்நிலைச் சொற்களில்தான் முறை சறுக்குகிறது. 'குவான்யுவான்', 'குவான்லியாவ்' இரண்டுக்கும் அட்டை 'அரசு அதிகாரி' என்றே பொருள் தரக்கூடும். முன்னது செய்தித்தாளின் நடுநிலைச் சொல். பின்னதில் இன்றைய சீனாவில் பெரும்பாலும் ஏளனம் தொனிக்கும். அந்தக் கறை அரசியலில் படிந்தது. 1940களில், அன்று ஆட்சியிலிருந்த கோமிண்டாங் கட்சி மேல்மட்டத்தாரின் சொத்துக்குவிப்பைக் கம்யூனிஸ்டுகள் 'குவான்லியாவ் மூலதனம்' என்று சாடினர். ஆட்சிக்கு வந்தபின், 1951 இறுதியில் தொடங்கிய 'மூன்று எதிர்ப்பு' இயக்கத்தில் ஊழல், விரயம் ஆகியவற்றோடு 'குவான்லியாவ்ஜூயி'யும் குறிவைக்கப்பட்டது. மக்களை அண்டாமல், நாற்காலியில் இருந்தபடி ஆணையிடும் போக்குக்கு அந்தப் பெயர். கட்சி தன் ஆட்களைக் 'கான்பு' என்றது. 2006இல் நடைமுறைக்கு வந்த சட்டம் 'கோங்வுயுவான்', அதாவது பொதுப்பணியாளர், என்கிறது.

அட்டையில் 'இகழ்ச்சி' என்று ஒரு குறிப்பு சேர்த்தால் போதாதா? பாதிதான் தீரும். ஜப்பானியச் செய்தித்தாள்களில் இதே எழுத்துகள் அமைச்சக உயரதிகாரிகளைச் சாதாரணமாகக் குறிக்கின்றன. சக அதிகாரியைச் சுட்டும் 'தோங்லியாவ்' என்ற சொல்லில் அதே 'லியாவ்' இருந்தும் இழிவு இல்லை. நேரில் பேசும்போதோ இவை எதுவுமே வாயில் வராது; குடும்பப் பெயரோடு பதவியைச் சேர்த்து 'வாங் ஜூஜாங்' என்பார்கள், இயக்குநர் வாங் என்பதுபோல.

ஆகவே, தொடக்க நிலைகளில் பட்டியலே நல்ல வழி. அதைத் தாண்டியபின், சொல்லை அதன் கூட்டாளிச் சொற்களோடும், யார் யாரைப் பற்றிச் சொன்னார் என்பது தெரியும் முழு வாக்கியத்தோடும் படிக்க வேண்டும். இதில் வேகம் குறையும். நாளுக்கு முப்பது சொல் படிப்பவர் பத்தோடு நிற்க நேரலாம். தேர்வு நெருங்கும் மாணவருக்கு அது நட்டம். சீன அலுவலகத்துக்குக் கடிதம் எழுதப்போகிறவருக்கோ, விருந்தளித்தவரை 'குவான்லியாவ்' என்று பாராட்டிவிடாமல் இருக்க அந்தப் பத்து சொற்களே உதவும்.