வில்லியம் கொபெற்: உழவர் குரலும் அதன் எல்லையும்

எழுத்து யாருக்காக என்னும் வினாவுக்குத் தம் வாழ்வாலேயே விடையளிக்க முயன்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் வில்லியம் கொபெற் (1763–1835). உழவர் குடும்பத்திற் பிறந்து, படைவீரராகவிருந்து, பின்னர் எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர். 1802 இல் அவர் தொடங்கிய ‘பொலிற்றிக்கல் றெஜிஸ்ரர்’ என்னும் வார இதழ் முதலில் அரசையே ஆதரித்தது. ஆனால், சில ஆண்டுகளுள் அது சீர்திருத்தத்தின் குரலாயிற்று. ஈலி நகரில் ஊர்ப்படையினர் கசையடிக்குள்ளானதைக் கண்டித்தமைக்காக, 1810 இல் ஈராண்டுச் சிறையும் 1000 பவுண் தண்டமும் அவருக்கு விதிக்கப்பட்டன.

அக்காலப் பத்திரிகைகளின் மீது விதிக்கப்பட்ட முத்திரை வரி, அவற்றை ஏழைகளுக்கு எட்டாதனவாக்கிற்று. கொபெற்றோ 1816 நவம்பரில் தம் தலைமைக் கட்டுரையைத் தனித்தாளாக அச்சிட்டு இரண்டு பென்சுக்கு விற்றார். ‘இரண்டு பென்ஸ் குப்பை’ என எதிரிகள் இகழ்ந்த பெயரையே பிற்காலத்தில் தம் வெளியீடொன்றுக்குச் சூட்டினார். 1818 இல் வெளிவந்த அவரது ஆங்கில இலக்கணம் படைவீரர், மாலுமிகள், ஏர்பிடிக்கும் இளைஞர் ஆகியோரை முன்னிறுத்தி எழுதப்பட்டது. அரசரின் உரைகளிலிருந்தே அதிற் பிழைகள் எடுத்துக்காட்டப்பட்டன. இலக்கண அறிவு ஆள்வோரின் தனியுடைமையன்று என்பதை இதனிலும் கூர்மையாக உணர்த்தல் அரிது.

அவரது தலைசிறந்த படைப்பு, 1830 இல் நூலுருப்பெற்ற ‘நாட்டுப்புறச் சவாரிகள்’ ஆகும். குதிரைமீது ஊரூராகச் சென்று மண்ணையும் பயிரையும் கூலியையும் அவர் நேரிற் கண்டெழுதினார். ஏவன் பள்ளத்தாக்கில் ஓர் ஊரின் விளைச்சல் எத்தனை குடும்பங்களுக்குப் போதுமெனக் கணக்கிட்டு, விளைவித்தவரே பசித்திருப்பதைச் சுட்டுகின்றார். அழகிய நிலக்காட்சியும் வெறும் வயிறும் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்கின்றன. இயற்கை வருணனை இங்கு அலங்காரமன்று, சான்று.

ஆயினும், கொபெற்றைப் போற்றுவோர் சிலர் மறைத்துச்செல்லும் பக்கமொன்றுண்டு. யூதரை அவர் வெறுப்புடன் எழுதினார். அடிமை வணிகத்தை எதிர்த்த வில்பர்போர்சைத் தாக்குகையிற் கறுப்பின மக்களையும் இழித்துரைத்தார். ஆங்கில உழவனின் பசி பேசப்படவேண்டுமாயின், அடிமையின் துயர் பேசப்படலாகாது என அவர் கருதினார் போலும். இதனை ‘காலத்தின் குறை’ எனக் கூறித் தப்பிவிட முடியாது. அதே காலத்தில் வேறுவகையாகச் சிந்தித்தோரும் வாழ்ந்தனர். மேலும், அவர் கண்ட விடிவு வருங்காலத்திலன்றி, இழந்துபோன பழைய இங்கிலாந்திலேயே இருந்தது.

எனினும், 1832 இல் ஒல்ட்ஹாம் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான பின்னரும் அவர் தம் மக்களைக் கைவிட்டாரல்லர். 1834 ஆம் ஆண்டின் புதிய வறியோர் சட்டத்தை இறுதிவரை எதிர்த்தார். அவரது எளிய நடை நாம் பயிலத்தக்கது; அவரது பரிவின் எல்லை நாம் கடக்கவேண்டியது. இவ்விரண்டையும் ஒருங்கே காணாத வாசிப்பு அவருக்கும் நீதி செய்யாது, அவரால் இழிக்கப்பட்டோருக்கும் நீதி செய்யாது.